இரண்டாவது மீன்

அக்காவின் மேஜையில் இருந்த சின்னக் கண்ணாடிக் குப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. உள்ளே ஸ்பிரிட்டில் விரல் நீளத்துக்கு ஒரு மீன். கரமனையில் எங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து வாளியோடு ஏறி வந்தபோது ரத்தச் சிவப்பாக இருந்தது, இப்போது வெளுத்துவிட்டது. கண் இருக்கவேண்டிய இடத்தைத் தோல் மூடியிருக்கிறது. ஒட்டிய சீட்டில் ஊரும் தேதியும் அக்காவின் கையெழுத்து. மீனின் பெயருக்கு விட்ட இடம் காலி.

அக்கா கல்லூரியில் விலங்கியல் நடத்தினாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தாள். பூமிக்கடியில் இருட்டு ஊற்றுகளில் வாழ்ந்து கண் போன மீன் என்றாள். "அதுக்கு எத்தனை வருஷம் ஆகும்?" என்று கேலியாகக் கேட்டேன்.

"லட்சக்கணக்குலயும் ஆகலாம், கொஞ்சத் தலைமுறையிலேயே கிடுகிடுன்னும் ஆகலாம். அதுலதான் இன்னும் சண்டை. ஆனா ஒண்ணை வச்சுண்டு ஒண்ணும் சொல்லப்படாது. ஊனமாப் பொறந்ததுன்னுடுவா. இன்னொண்ணு கிடைச்சாத்தான் இது தனி இனம், கேட்டியா?"

நோய் முற்றி டாக்டர்கள் கைவிரித்த பிறகும் அந்த இன்னொன்றுக்காக தினமும் காலையில் வெள்ளை வாளியில் நீர் இறைத்துக் குனிந்து பார்ப்பாள்.

அப்பாவின் திவசம் வந்தது. திவசச் சமையலுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது, கிணற்று ஜலம்தான் வேண்டும். மழையில் கிணறு கலங்கிக் கிடந்தது. திவசத்துக்கு நான்கு நாள் முன்னால், அக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த பகலில், ஒரு வார்த்தை கேட்காமல் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டேன். பிறகு எட்டிப் பார்த்தால் மூன்று சிவப்பு மீன்கள் மிதந்தன. இறைத்துப் பார்த்தேன். மூன்றுக்கும் கண் இல்லை.

செத்ததானாலும் அவளுக்குப் போதும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவள் முகத்தைப் பார்க்கத்தான் பயம். வாழைக்கடியில் புதைத்துவிட்டேன்.

வந்ததுமே பவுடர் வாசனை பிடித்துவிட்டாள். திட்டவில்லை. "ஏதாவது மிதந்துதாடா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லை அக்கா."

"அப்போ அது ஊனமாப் பொறந்ததுதான்" என்று மீன் குறிப்பு எழுதும் நோட்டை மூடினாள். அப்புறம் கிணற்றடிக்கே போகவில்லை. அடுத்த மழைக்கு அவள் இல்லை.

இப்போது அவளுடைய திவசத்துக்கும் அதே கிணற்றில்தான் இறைக்கிறேன். பவுடர் போடுவதில்லை. ஒவ்வொரு வாளியையும் குனிந்து பார்க்கிறேன், இதுவரை ஒன்றும் ஏறி வரவில்லை. சமையல் ஆகும்வரை குப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் கேட்டபோது வராத வார்த்தை அப்போது தடையில்லாமல் வருகிறது.

"மூணு இருந்துது, அக்கா."