அந்தச் சீட்டு யாரைப் பற்றியது?

இரண்டு காலிலும் நின்று உங்கள் முன் சாட்சி சொல்ல எனக்கு இன்னும் தயவு காட்டுகிற ஆண்டவருக்கு முதலில் நன்றி. இதைப் பேச்சு அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. போன நவம்பர் மாதம் என் இடது கால் தப்புமா தப்பாதா என்பதே பெரிய கேள்வியாக இருந்தது.

என் பெயர் ஜெபராஜ். ஊர் நாசரேத் பக்கம். டெல்லிக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஆர்.கே.புரத்தில் குடியிருக்கிறேன். பெரிய பெரிய ஆபீஸ் கட்டடங்களில் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பது என் வேலை. சின்ன வயதிலிருந்தே எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டேன். ஏன் நின்றது, எங்கே சிக்கியது என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஆனால் என் சொந்தக் காலில் என்ன சிக்கியது என்று நான் பார்க்கவே இல்லை. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நடக்கும்போது நடுவழியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். நின்றால் விட்டுவிடும். ஷூ சரியில்லை என்று ஷூவை மாற்றினேன். பிறகு பெருவிரல் நுனியில் ஒரு சின்னப் புண் வந்தது. ஆறவே இல்லை. குளிர் தொடங்கியதும் விரல் நீலமாக மாறியது. வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் இரண்டு பாதத்திலும் விரலை வைத்து நாடி பார்த்தார். இடது பாதத்தில் ரொம்ப நேரம் தேடினார். "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?" என்றார். பத்து என்றேன். பொய். இருபதுக்குக் குறையாது. ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டே வருகிறது, மாத்திரையெல்லாம் துணைக்குத்தான், புகையை அடியோடு விடாவிட்டால் முதலில் விரலை எடுக்க வேண்டியிருக்கும், அதோடு நிற்காது என்றார். புகையை விடுவதற்காக மெல்லுகிற நிகோடின் கம் கூட இந்த வியாதிக்கு ஆகாதாம். கடைசியாக, "சிகரெட் யா பைர். ஏக் ரக் லோ" என்றார். சிகரெட்டா காலா, ஒன்றை வைத்துக்கொள் என்று அர்த்தம்.

வெளியே வந்து நான் செய்த முதல் காரியத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியதும் ஒன்று பற்ற வைத்தேன். பயத்தைத் தணிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

மூன்று தடவை தனியாக விட முயன்றேன். ஒன்றரை நாளுக்கு மேல் தாங்கவில்லை. முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இந்த ஆசையையே என்னிடமிருந்து எடுத்துப்போடும்" என்று அழுதேன். காலையில் எழுந்தால் ஆசை எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கும். ஜெபம் கேட்கப்படவில்லை என்றுதான் நினைத்தேன்.

சபையில் யாரிடமும் சொல்லவும் முடியாது. நம் சபைகளில் சிகரெட் பிடிக்கிறவனை எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதிலும் எனக்கு ஒரு பொறுப்பு இருந்தது. எங்கள் தமிழ் ஆராதனை ஞாயிறு சாயந்திரம் நாலு மணிக்கு. காலையில் அதே கட்டடத்தில் இந்தி ஆராதனை நடக்கும். பின்வாசல் ஓரத்தில் ஜெபச் சீட்டுப் பெட்டி ஒன்று இருக்கும். வேண்டுதலை எழுதிப் போடலாம். பெயர் போட வேண்டாம். பாஸ்டர், "ஒரு சகோதரி சுகத்துக்காக", "ஒரு சகோதரர் வேலைக்காக" என்று வாசிப்பார், எல்லோரும் சேர்ந்து ஜெபிப்போம். அந்தப் பெட்டியைத் திறந்து சீட்டுகளை அடுக்கிக் கொடுக்கிறவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமை ஏலக்காய் மென்று, சென்ட் அடித்துக்கொண்டு பெட்டியைத் திறப்பேன்.

மூன்றாம் தடவையும் தோற்ற அந்த வாரம் நானே ஒரு சீட்டு எழுதினேன். யாரும் கண்டுபிடிக்கக் கூடாதென்று இடது கையால் கிறுக்கினேன். "நம் சபையில் ஒரு சகோதரர் சிகரெட் பழக்கத்தை விட முடியாமல் தவிக்கிறார். அவருக்காக ஜெபிக்கவும்." மற்ற சீட்டுகளுக்கு நடுவில் செருகிவிட்டேன். பாஸ்டர் வாசித்தார். சபையே ஜெபித்தது. அதிகச் சத்தமாக ஆமென் சொன்னவன் நான்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை.

மறுநாள் சாயந்திரம் கெவின் வீட்டுக்கு வந்தான். குர்கானில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன். பிறந்தது வளர்ந்தது எல்லாம் டெல்லி. தமிழ் பேசுவான், படிக்க வராது. உட்காரக்கூட இல்லை.

"அங்கிள், சச் பதாவோ, உண்மையச் சொல்லுங்க. அந்த சிட் யாரு போட்டது? மம்மி ஹேண்ட்ரைட்டிங்கா?"

"ஏன்டே கேக்க?"

"நான் பிடிக்கிறது மம்மிக்குத் தெரிஞ்சுபோச்சு. அவங்கதான் எழுதியிருக்காங்க. பக்கா. இனிமே நான் சர்ச்சுக்கு எப்படி வர்றது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் என்னைப் பற்றி எழுதிய சீட்டை இவன் தன்னைப் பற்றியது என்று நினைத்திருக்கிறான்! அப்போதும் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னேனா? இல்லை. "உங்க அம்மா எழுதலடே, நிம்மதியா போ" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஆனால் எனக்குள் ஒரு குறுகுறுப்பு பிடித்துக்கொண்டது. அந்தச் சீட்டை வாசித்தபோது இன்னும் எத்தனை பேருக்கு வியர்த்திருக்கும்?

அடுத்த ஞாயிறே பதில் கிடைத்தது. ரூபி அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார்கள். முகம் அழுது வீங்கியிருந்தது. அவர்கள் வீட்டுக்காரர் இஸ்ரவேல் அண்ணன், வேலூர்க்காரர், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே நின்றார். என் மனைவி எஸ்தர் என் காதோரம் சொன்னாள்.

"அந்த அக்காதான் சீட்டு எழுதிப் போட்டாங்கன்னு அண்ணன் வீட்ல ஒரே சத்தமாம். என் மானத்த சபையில வாங்கிட்டியேன்னு ஒரு வாரமா பேசலையாம். அக்கா தலையில அடிச்சு சத்தியம் பண்ணியும் நம்பலையாம்."

சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "நீங்கதான எழுதுனீங்க?"

பெட்டிச் சாவியைத் தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டேன்.

"ஒரு பாவமும் செய்யாதவ அழுதுக்கிட்டு இருக்கா. நீங்க பெட்டியத் தூக்கிட்டு நிக்கீங்க. நல்லா இருக்கா?"

நல்லா இல்லை. காலைவிட அது அதிகமாக வலித்தது. முதல் பாட்டு தொடங்குவதற்குள் எழுந்து கேட்டுக்குப் போனேன்.

"அண்ணே, அந்தச் சீட்டு எழுதுனது நான்."

"நீயா? என்னப் பத்தி எழுத உனக்கு இன்னாபா உரிமை?"

"உங்களப் பத்தி இல்லண்ணே. என்னப் பத்தி எழுதுனேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பிடிப்பியா? பொட்டி தெறக்கிற நீயா?"

பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டினேன். காலில் ஷூவைக் கழற்றி விரலையும் காட்டினேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அந்த மனுஷன் குனிந்து என் விரலைப் பார்த்தார். நிமிரும்போது கண் கலங்கியிருந்தது. நேராக உள்ளே போய் ரூபி அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்ததும் அக்கா என்னிடம் வந்தார்கள். கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். "ரெண்டு வருஷமா அதே மாதிரி ஒரு சீட்டு எழுதணும்னு இருந்தேன் தம்பி. இவருக்கு பயந்துகினு எழுதல. எழுதாததுக்கே இவ்ளோ திட்டு, எழுதியிருந்தா?" என்று சொல்லிச் சிரித்துவிட்டார்கள்.

கெவினையும் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "அங்கிள், ஆப் பி? நீங்களுமா?" என்று வாயைப் பிளந்தான். மூன்று பேரும் சேர்ந்து முதலில் என்ன செய்தோம் தெரியுமா? நேராக டீக்கடைக்குப் போய் ஆளுக்கு ஒன்று பற்ற வைத்தோம். இத்தனை வருஷம் ஒளிந்து ஒளிந்து பிடித்தவர்களுக்கு அன்றைக்குத்தான் துணை கிடைத்தது! பிறகு வரும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தன்று காலையிலிருந்து விடுவது என்று முடிவு செய்தோம். கெவின் வாட்ஸ்ஆப்பில் எங்கள் மூவருக்கும் ஒரு குரூப் தொடங்கி, அதற்கு 'ஒரு சகோதரர்' என்று பெயர் வைத்தான். விதி ஒன்றுதான். பற்ற வைப்பதற்கு முன் மற்ற இருவரில் ஒருவருக்குப் போன் செய்ய வேண்டும். "வசனம் மட்டும் சொல்லாதபா. அது எனக்கும் தெரியும்" என்றார் இஸ்ரவேல் அண்ணன்.

முதல் நாள் உபவாசமும் ஜெபமுமாகக் கழிந்தது. கைதான் வேலையில்லாமல் திண்டாடியது. ஸ்க்ரூடிரைவரை உருட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டாம் நாள் தலைவலி. லிஃப்ட் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கிய ஓர் ஆபீசரிடம், "ஏக் பார் தபாவோ, சாப்!", ஒரு தடவை அமுக்கினால் போதும் என்று கத்திவிட்டேன். நல்லவேளை, அவர் சிரித்தார். வீட்டில் எஸ்தர் கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தேன். அவள் பொறுத்துக்கொண்டாள். அவளிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மூன்றாம் நாளை மறக்க முடியாது. ஞாயிறானாலும் அவசர ரிப்பேர் என்று கூப்பிட்டுவிட்டார்கள். மதியம் மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறையில் தனியாக இருந்தேன். டூல் பையின் அடியில் கையை விட்டால் ஒரு பழைய பாக்கெட். உள்ளே ஒன்றே ஒன்று. ஒன்றுதானே, யாருக்குத் தெரியும் என்று மனசு பேசியது. உதட்டில் வைத்துவிட்டேன். தீப்பெட்டியும் கையில். விதி ஞாபகம் வந்தது. கெவினுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. இஸ்ரவேல் அண்ணன் எடுத்தார்.

"அண்ணே, கையில இருக்கு."

அந்தப் பக்கம் பெருமூச்சு. "எனக்கும்தான் தம்பி. வீட்டுப் பின்னாடி நிக்கிறேன். உனக்குப் போடணும்னு போன எடுத்தேன், நீயே போட்ட."

"ஜெபம் பண்ணுங்கண்ணே."

"வரலபா. வாய் வரல. நீ பண்ணு."

எனக்கும் வரவில்லை. இரண்டு பேரும் கையில் சிகரெட்டை வைத்துக்கொண்டு சும்மா நின்றோம். அப்போதுதான் என் பழைய மெக்கானிக் புத்தி முழித்துக்கொண்டது.

"அண்ணே, உங்களுக்கு அது எங்க இருக்கு? தொண்டையிலயா, நெஞ்சிலயா?"

"இன்னாபா கேள்வி இது?"

"சொல்லுங்களேன். எனக்கு தாடைக்குக் கீழ இழுக்கு. கை மணிக்கட்டுல ஒரு அரிப்பு."

அவர் யோசித்தார். "எனக்கு நெஞ்சுக் குழியில. பசி மாரி. ஆனா பசி இல்ல. இரு, இப்போ மேல வருது... தோள்ல நிக்கிது."

"இப்போ?"

"கொஞ்சம் எறங்குது."

எங்கோ தள்ளி இருந்து ஒருவன் உடம்புக்குள் ஒருவன் எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தேன், அவரும் கேட்டார். போனில் பார்த்தால் ஆறு நிமிஷம் ஓடியிருந்தது. ஆசை போய்விட்டது. உண்மையாகவே போய்விட்டது! திரும்ப வரும் என்று தெரியும். ஆனால் வந்தால் போகும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷம் அது போகும் வரை நான் ஒருநாளும் நின்று பார்த்ததே இல்லை.

"உடைக்கலாமா தம்பி?" என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உடைத்துப் போட்டோம். அப்போது ஜெபம் வந்தது. அழுகையோடு வந்தது.

ஆசையை எடுத்துப்போடும் என்று நான் கேட்டேன். ஆண்டவர் அதை எடுக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கேட்டுக்கு வெளியே நின்ற ஒருவரையும், தமிழ் படிக்கத் தெரியாத ஒரு பையனையும் கொடுத்தார். அதுவும் என் கோழைத்தனமான சீட்டை வைத்தே கொடுத்தார். இது எப்படி என்று நான் எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன். எந்த மெஷினையும் பிரித்துப் பார்ப்பதுபோல இதைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

எல்லாம் சுலபமாக நடந்தது என்று நினைக்காதீர்கள். ஐந்தாம் நாள் ஆபீஸ் பார்ட்டியில் கெவின் இரண்டு பிடித்துவிட்டான். இரண்டு நாள் குரூப்பில் பேசவே இல்லை. இஸ்ரவேல் அண்ணன் கோல் மார்க்கெட் பக்கம் அவன் வீட்டுக்கே போய், "நாளைக்கு உனக்கு மொத நாள். நாங்களும் உன்கூட மொத நாள்லருந்து எண்றோம். வா" என்று கூட்டி வந்தார். நானும் பாஸ்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, பெட்டிப் பொறுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் சாவியை வாங்க மறுத்துவிட்டார்.

இப்போது பூண்டு வதக்கும் வாசனை மாடிப்படியிலேயே தெரிகிறது. புண் ஆறிவிட்டது. டாக்டர் பாதத்தில் கை வைத்துவிட்டு, "சலேகா" என்றார், பரவாயில்லை என்று அர்த்தம். முழுக்கச் சரியாகிவிடவில்லை, இனி மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். விரலை எடுக்கிற பேச்சு இல்லை.

போன வாரம் எஸ்தர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, இந்த இடது கால் சாக்ஸ் எல்லாம் ஏன் ஓட்டையா இருக்கு? நகத்த வெட்ட மாட்டீங்களா?" என்று சத்தம் போட்டாள். குனிந்து பார்த்தேன். அந்தப் பெருவிரலில் நகம் வளர்ந்திருந்தது. ரத்தம் போகாமல் எத்தனையோ மாதமாக வளராமல் நின்றுபோன நகம். நான் வெட்டவில்லை. அப்படியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் வந்து எட்டிப் பார்த்தவள், சாக்ஸைக் கீழே போட்டுவிட்டு என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் இன்றைக்கும் யாருக்கோ வியர்க்கிறது என்று எனக்குத் தெரியும். உங்கள் மனைவியைத் திட்டாதீர்கள், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஜெபியுங்கள், ஆனால் தனியாக ஜெபித்துவிட்டுத் தனியாக நிற்காதீர்கள். ஆராதனை முடிந்து நாங்கள் மூன்று பேரும் வாசலில் நிற்போம். பேச வெட்கமாக இருந்தால் என் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு போங்கள். போன் செய்தால் பெயர்கூடச் சொல்ல வேண்டாம். "அண்ணே, கையில இருக்கு" என்று சொல்லுங்கள், போதும். எங்கே இழுக்கிறது என்று நான் கேட்பேன்.