வேட்பாளர்கள் சாப்பிட வந்த மதியம்

எந்த ஊரில் வேலைக்கு இருந்தாலும் அங்கே தேர்தல் கூட்டம் நடந்தால் போய் நின்று கேட்பேன். திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டியபோதும், புனலூரில் ரப்பர் தோட்டத்துக்குப் போனபோதும், ஓசூர்ப் பக்கம் ரோஜா பறித்தபோதும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. அந்த ஊர்களில் எனக்கு ஓட்டு கிடையாது. ஆனாலும் மேடையில் யாராவது, "நமக்குள்ள ஏற்றத்தாழ்வு ஏது, எல்லாரும் ஒரு தாய் மக்கள்தானே" என்று ஆரம்பித்தால் நகர மனசு வராது. முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போவேன். நான் நாலாம் வகுப்புப் படித்தபோது எங்கள் ஊரில் நடந்த பஞ்சாயத்துத் தேர்தல்தான் அதற்குக் காரணம்.

களக்காட்டுக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். பெயரைச் சொல்லவில்லை, அங்கே இன்னும் தேர்தல் நடந்துகொண்டிருக்கிறது. மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெரு. நடுவில் வாழைக்கும் நெல்லுக்கும் தண்ணீர் போகிற கால்வாய், அதன்மேல் ஒரு சின்னப் பாலம். பள்ளிக்கூடம் மேலத்தெருப் பக்கம். எங்கள் வீடு கீழத்தெரு. செங்கல் சூளைக்குப் போன அப்பா போன இடத்திலேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் வேலை கிடைத்தது. அதில்தான் எங்கள் பாடு ஓடியது.

அம்மாவுக்கு முன்னால் சமைத்தவர் மேலத்தெருக்காரர். அவர் ஓய்வு பெற்று அம்மா கரண்டியைப் பிடித்த நாளிலிருந்து மேலத்தெருப் பிள்ளைகள் வீட்டிலிருந்து டிபன் டப்பாவில் சோறு கொண்டுவர ஆரம்பித்தார்கள். சத்துணவு அவர்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்குச் சொல்லப்பட்டது. நானும் நம்பினேன். பாவம், அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் வயிறு கெட்டுவிட்டதே என்று வருத்தப்பட்டேன்.

அந்த வயிற்றுக்கோளாறு தேர்தலுக்குள் ஒரு கோரிக்கையாக வளர்ந்துவிட்டது. அம்மாவை மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றுக்கு மாற்ற வேண்டும் என்று மேலத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும், விடியுமுன் கிளம்ப வேண்டும். என்னை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? மாற்றினால் வேலையை விடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அம்மா மாமாவிடம் சொன்னதைக் கேட்டேன். வேலை போனால் என்ன ஆகும் என்று மாமா கேட்கவில்லை. அது எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்த விஷயம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மைக் செட் வைத்திருந்தார். தேர்தலில் நின்றது இரண்டு பேர், இருவருமே மேலத்தெரு. ஒருவர் அரிசி மில் அண்ணாச்சி. இன்னொருவர் வாழைத்தார் வியாபாரி. ஒருவருக்கொருவர் மச்சான் முறை. மேலத்தெரு பாதிப் பாதியாகப் பிரிந்து நின்றதால் கீழத்தெரு யார் பக்கம் சாய்கிறதோ அவருக்குத்தான் தலைவர் நாற்காலி. மைக் செட் ஊருக்கு ஒன்றே ஒன்று என்பதால் காலையில் மில்காரருக்கும் சாயங்காலம் வாழைக்காரருக்கும் மாமாவே ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு போவார். புனல் மாதிரி இருக்கும் ஒலிபெருக்கிக்கு எங்கள் ஊரில் குழாய் என்று பெயர். சனி ஞாயிறில் நானும் ஆட்டோவில் தொற்றிக்கொள்வேன்.

மேலத்தெருவில் வண்டி நின்றால் இருவருமே, "பிள்ளைகள் சாப்பாட்டு விஷயத்துக்கு ஒரு முடிவு கட்டுதேன்" என்பார்கள். பாலம் தாண்டிக் கீழத்தெருவுக்கு வந்தால், "அந்தத் தாயை இங்கிருந்து அசைக்க ஒருத்தனையும் விடமாட்டேன்" என்பார்கள். சித்தியிடம் ஒன்றும் அத்தையிடம் ஒன்றும் சொல்லுகிற வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு என்பதால் எனக்கு இது வித்தியாசமாகப் படவில்லை. மாமா பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு ஒலியைக் கூட்டுவார், குறைப்பார்.

ஊரில் ஒரு இளைஞர் மன்றம் இருந்தது. டிவியில் பார்த்தது போல இரண்டு வேட்பாளரையும் ஒரே மேடையில் ஏற்றிக் கேள்வி கேட்பது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பெஞ்சுகளைச் சேர்த்து மேடை போட்டார்கள். எதிரே மேலத்தெருக்காரர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். கீழத்தெருக்காரர்கள் கால்வாய்க்கு எங்கள் தெருப் பக்கக் கரையிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை.

மேலத்தெருக் கூட்டம் என்றால் குழாய் மேலத்தெருவைப் பார்த்துத்தான் இருக்கும். எப்போதும் அப்படித்தான். அன்று மாமா வேப்பமரத்தில் ஏறி ஒன்றைக் கால்வாய்ப் பக்கம் திருப்பிக் கட்டினார். மில் அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

"ஏலே, குழாய எதுக்குலே அங்கன திருப்புத?"

"எதிரொலி அடிக்கி அண்ணாச்சி. அங்கன திருப்புனாத்தான் உங்க குரல் கணீர்னு கேக்கும்."

குரலைப் புகழ்ந்தது அண்ணாச்சிக்குப் பிடித்திருந்தது. தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொண்டு மேடைக்குப் போனார்.

ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எனக்குப் பிடிக்கும். அதற்காகவே மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மன்றத்துச் செயலாளர் தெருவிளக்கைப் பற்றிக் கேட்டார், சாக்கடையைப் பற்றிக் கேட்டார். இருவரும் மாற்றி மாற்றி முழங்கினார்கள். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, சத்துணவு விஷயத்தில் உங்கள் நிலை என்ன என்று கேட்டார். மில் அண்ணாச்சி நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு கால்வாயைப் பார்த்திருந்த குழாயை அண்ணாந்து பார்த்தார். இரண்டு தெருவுக்கும் ஒரே பேச்சைப் பேச வேண்டிய நிலைமை அவருக்கு அதுவரை வந்ததில்லை.

"பிள்ளைகள் எல்லாம் நம்ம பிள்ளைகள். யாரு கையால சாப்பிட்டா என்னங்கது என் கொள்கை. ஆனா ருசின்னு ஒண்ணு இருக்கு. சுத்தம்னு ஒண்ணு இருக்கு. வழக்கம்னு ஒண்ணு இருக்கு. நாலு பேரைக் கலந்து பையத்தான் செய்யணும்" என்றார்.

"மச்சான் சொல்லுததத்தான் நானும் சொல்லுதேன். ஏற்றத்தாழ்வு நம்ம ஊர்ல எந்தக் காலத்துலயும் கிடையாது. சாப்பாட்டுத் தரத்தை மட்டும் உசத்தணும்" என்றார் வாழைக்காரர்.

நாற்காலிகள் கைதட்டின. கால்வாய்க் கரையில் சத்தமில்லை.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இரண்டு பெரிய மனிதர்கள் ஊரைக் கூட்டி வைத்து என் அம்மாவின் சாம்பாரை மட்டமாகப் பேசுகிறார்கள் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கி, "எங்கம்ம சாம்பார் நல்லாத்தான மாமா இருக்கு? அவங்க ரெண்டு பேரும் ஒரு நாளும் தின்னு பாக்கலையே, பொறவு எப்படித் தெரியும்?" என்றேன்.

மாமாவின் மடியில் சோதனைக்கு வைத்திருந்த இன்னொரு மைக் இருந்தது. அது உயிரோடு இருந்திருக்கிறது. என் குரல் வேப்பமரத்திலிருந்து இரண்டு தெருவுக்கும் கேட்டது.

நாற்காலிகளில் இருந்தவர்கள் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு கால்வாய்க் கரையில் சிரிப்பு வெடித்தது. "பதில் சொல்லுங்க அண்ணாச்சிமாரே! பிள்ள கேக்குதுல்லா!" என்று ஒரு பெண்குரல் எங்கள் பக்கத்திலிருந்து கத்தியது. நாற்காலிகளிலும் சில விடலைகள் சிரித்துவிட்டார்கள்.

வாழைக்காரர் ஏலம் கேட்டே பழகியவர், வாய் முந்திக்கொண்டது. "நாளைக்கு மத்தியானமே வாரேன்! மச்சான், நீரும் வாரும்வே!"

"நான் வரமாட்டேன்னா சொன்னேன்?" என்றார் மில் அண்ணாச்சி. அவர் முகம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

மாமா மெதுவாக மைக்கை அணைத்தார். "ஏட்டி, மைக் பக்கத்துல இருந்து பேசலாமா?" என்று என்னைக் கடிந்துகொண்டு தலையைத் தடவினார். மைக்கை அணைக்க மறந்த கையாளை அவர் ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் விரட்டி விரட்டி அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் எப்படி மறந்தார் என்று அப்போது யோசிக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். மறுநாள் வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பினாள். போகும்போது எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்த கறிவேப்பிலையை மொட்டையடித்துக்கொண்டு போனாள்.

மதியம் இருவரும் ஆள் அம்போடு வந்தார்கள். ஜன்னல் கம்பியெல்லாம் தலைகள். வாழைக்காரர் வேட்டியை மடித்துக்கொண்டு எங்கள் வரிசையில் தரையில் உட்கார்ந்தார். அவர் மகள் என் வகுப்புதான், டிபன் டப்பாவைத் திறக்காமல் மரத்தடியில் நின்று அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவருக்குப் பரிமாறினாள். அவர் நிமிராமல், பேசாமல், வியர்த்து ஒழுக, வேலையை முடிக்கிறவர் மாதிரி சாப்பிட்டார். தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. ஆனால் நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது.

மில் அண்ணாச்சி கழுத்தில் விரதத்துக்குப் போடுகிற புதுத் துளசிமணி மாலையோடு வந்திருந்தார். முந்தின நாள் அது இல்லை. அம்மா நீட்டிய தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். குனிந்து, கோயில் பிரசாதம் போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "விரதம் தாயி. மனசு நிறைஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தன் டிரைவரிடம் கொடுத்தார். டிரைவர் எங்கள் தெருப் பையன். அவன் சாப்பிட்டான்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. சாமிக்குச் செய்கிற மரியாதையை என் அம்மாவின் சாம்பார் சாதத்துக்குச் செய்திருக்கிறார்! தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேன். அம்மாவிடமும் சொன்னேன், உன் சோற்றைக் கும்பிட்டாரே, பார்த்தாயா என்று.

"சோத்தக் கும்பிடதுக்கா ஆக்குனேன்? திங்கதுக்குல்லா ஆக்குனேன்" என்றாள். புகழ்ச்சி பிடிக்காத ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்தலில் மில் அண்ணாச்சி ஜெயித்தார். நான் சந்தோஷப்பட்டேன். 'அங்கன போய்ச் சம்மணம் போட்டுத் தின்னவன்' என்று மேலத்தெருவில் வாழைக்காரருக்குக் கெட்ட பெயராகிவிட்டது. கீழத்தெருவில் பாதிப்பேர், தெருவுக்குக் குழாய்த்தண்ணீர் கொண்டுவந்தது மில்காரர்தானே என்று அவருக்கே போட்டுவிட்டார்கள். அடுத்த சில நாட்கள் அம்மா சரியாகத் தூங்கவில்லை. ஜெயித்தவர் மேலத்தெருவுக்குக் கொடுத்த வாக்கு இருந்ததே.

வாழைக்காரருக்கு வந்ததோ வீம்பு. நடுத்தெருவில் நின்று, "எனக்கு ஓட்டுப் போடாத பயலுவளுக்கு நான் ஏம்வே பயப்படணும்? எம்பிள்ள அங்கனதான் திம்பா. எவன் கேப்பான்னு பாக்கேன்!" என்று கத்தினார். மறுநாள் அவர் மகள் புத்தம்புதுத் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டாம் தடவை சாம்பார் கேட்டு வாங்கினாள். அடுத்த வாரம் அவளுடைய சித்தப்பா மகன் வந்தான். மழைக்காலம் வேறு. ஆறிப்போன டிபனை வைத்துக்கொண்டு சூடாகச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்க எந்தப் பிள்ளையால் முடியும்? ஒவ்வொரு தட்டாக வந்தது. யாருக்கும் வயிறு கெடவில்லை. அம்மாவை மாற்றுகிற பேச்சு தானாகத் தேய்ந்தது. தலைவரானபின் மில் அண்ணாச்சி, "அன்னைக்கே மேடையில சொன்னேம்லா, யாரு கையால சாப்பிட்டா என்னன்னு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். சொன்னது உண்மைதான்.

எனக்கு மட்டும் இதில் பெரிய நஷ்டம். முட்டை போடுகிற நாளில் பள்ளியில் பேர் பதிந்த எல்லாப் பிள்ளைக்கும் கணக்காக முட்டை வரும். மேலத்தெருப் பிள்ளைகள் தொடாததால் எனக்கு இரண்டு, சில நாள் மூன்று கிடைத்துக்கொண்டிருந்தது. மிஞ்சிய சோற்றை அம்மா தூக்குவாளியில் வீட்டுக்குக் கொண்டுவருவாள், ராத்திரிக்கு ஆகும். ஒவ்வொரு புதுத் தட்டுக்கும் என் பங்கு குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் எல்லாரையும் போல எனக்கும் ஒன்றே ஒன்று வைத்தாள். அண்டாவில் ஒரு பருக்கை மிச்சமில்லை. தூக்குவாளி காலியாக வீட்டுக்கு வந்தது.

அன்று ராத்திரி கஞ்சிதான். "அவங்கள பழையபடி டிபன் கொண்டாரச் சொல்லும்மா" என்றேன் அழாத குறையாக. அம்மா சிரித்தாள். கையில் கஞ்சியோடு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "அண்டாவக் கவுத்துட்டேன்ட்டி இன்னைக்கு! சுரண்டக்கூட ஒண்ணுமில்ல!" என்று ஏதோ பரிசு வாங்கி வந்தவள் மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னாள். இரண்டு முட்டையும் ஒரு தூக்குச் சோறும் போன நாளில் ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவாளா என்று எரிச்சலோடு கஞ்சியைக் குடித்துவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டேன்.