அண்ணி சேர்த்த கேள்விக்குறி

என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அண்ணி ஒரே ஒரு கேள்விக்குறியைத் தட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. கல்யாண மருதாணி அந்த விரலில் முழுதாக அழிந்திருக்கவில்லை.

அதுவரை எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் படித்தவள் நான் ஒருத்திதான். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. தேவனூர் நாட்டிலிருந்து பஸ் பிடித்து, கொல்லிமலை அடிவாரத்தில் மிளகு வியாபாரம் செய்த பாயின் கடை மாடிக்கு வேலைக்குப் போய்வந்தேன். மலையில் எந்த நாட்டில் எவ்வளவு மிளகு இருக்கிறதென்று வெளியூர் வியாபாரிகள் இன்டர்நெட்டிலேயே பார்க்க வேண்டும் என்பது பாயின் ஆசை. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. "நம்ம புள்ள கம்ப்யூட்டர்ல மொளகு விக்குதாமா" என்று பஸ்ஸில் பேசிக்கொள்வார்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கேட்காதவள்போல் ஒரு சொல் விடாமல் கேட்பேன்.

முதல் பக்கத்தில் நாடுகளின் பெயர்களை வரிசையாகப் போட்டிருந்தேன். எதைத் தட்டினாலும் அடுத்த பக்கத்தில் தேவனூர் நாட்டு மிளகே வந்து நின்றது. பல நாள் போராடிச் சலித்திருந்த சமயத்தில்தான், ராசிபுரத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அண்ணனைக் கட்டிக்கொண்டு மலையேறிய அண்ணி, பொழுது போகாமல் ஒருநாள் என்னுடன் இறங்கி வந்தார்.

"இந்தப் பக்கத்துல எதைத் தொட்டோம்னு அந்தப் பக்கத்துக்குத் தெரியாது அம்மிணி. லிங்க்கோட வால்லயே கட்டி அனுப்போணும்" என்றார்.

லிங்க் முகவரியின் முடிவில் கேள்விக்குறி, 'நாடு' என்று ஒரு சொல், சமக்குறி, அந்த நாட்டுக்குரிய எண். அவ்வளவுதான். குண்டனி நாட்டைத் தட்டினேன். குண்டனி நாடே வந்தது. பாய் அன்றே அண்ணிக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார். பஸ்ஸில் பேச்சு "அந்த ரெண்டு பேரும்" என்று மாறியது. அம்மா அண்ணியின் தட்டில் முதலில் சோறு வைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

அதன்பின் ஒவ்வொரு வியாபாரிக்கும் பாய் சொல்லும் விலையை அவரவர் மட்டும் பார்க்கத் தனிப்பக்கம் செய்தார் அண்ணி. அதிலும் லிங்க்கின் வாலில் ஓர் எண். பாய் பார்க்க வந்த அன்று, நான் மேலே முகவரியில் இருந்த நான்கை அழித்து ஐந்தாக்கினேன். வேறொரு வியாபாரிக்குச் சொன்ன விலை திரையில் வந்தது. பாயின் முகம் மாறியது. "என்னம்மா இது? ஒருத்தர் வெல இன்னொருத்தருக்குத் தெரிஞ்சா நான் கடய மூட வேண்டியதுதான்!"

அண்ணி முகம் கறுப்பதைப் பார்க்கக் காத்திருந்தேன். அவரோ என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்லவேளை கண்டுபுடிச்சே அம்மிணி! லிங்க் சொல்றத அப்படியே நம்பக்கூடாது. உள்ள வந்திருக்கறது யாருன்னு பாத்துட்டுத்தான் வெலயக் காட்டோணும். வா, ரெண்டு பேருமே சரி பண்ணீரலாம்." சரிசெய்தோம். அவர் மனம் நோகாதது எனக்குத் தோல்வியாகவே பட்டது.

அடுத்த மழைக்காலத்தில் அண்ணி உண்டானார். மலைப்பாதையின் வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வேலையை விட்டார். "எங்காச்சும் மாட்டிக்கிட்டா ஊட்டுக்கு வந்து கேளு" என்றார். கேட்கவில்லை. பாயிடமிருந்து சேலம், அங்கிருந்து கோயம்புத்தூர் என்று என் வேலை வளர்ந்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம் புதிதாகக் கற்றதை அண்ணியிடம் வேண்டுமென்றே விரித்துச் சொல்வேன். அவர் கண்ணில் ஒரு பொழுதாவது ஏக்கம் தெரியாதா என்று தேடுவேன்.

போன தை மாதமும் அப்படித்தான் லேப்டாப்பைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். "அப்புறம்? அப்புறம் என்ன பண்ணுனே?" என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென எழுந்தார். "தூத்தல் போடுது அம்மிணி, மொளகு நனையுது!" தார்ப்பாயை இழுத்துக்கொண்டு களத்துக்கு ஓடினார், நனைந்தபடி சிரித்தார். "பாத்துட்டு நிக்கறே, அந்த முனையப் புடி!"

முனையைப் பிடித்தேன். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு எப்படி வராமல் போயிற்று என்று பொறாமையாக இருந்தது.