சேஃப்டிக்கு இன்னொரு ஸ்நாப்

மேடைப் போட்டோ எடுக்கிறவனுக்கு ஒரு கண்தான் வேலை செய்ய வேண்டும். இன்னொன்றையும் திறந்து பார்த்தால் பிழைப்பு நடக்காது.

இருபத்திரண்டு வருடமாக நான் அப்படி ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பிழைத்தேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து எல்லாம் டிரோன் வைத்திருப்பவர்களிடம் போய்விட்டது. எனக்கு மிஞ்சியது மேடை. அடிக்கல், திறப்பு விழா, நலத்திட்டம், உறுதிமொழி. நீங்களும் ஏதாவது ஒரு விழாவில், ஒன்பதரைக்கு வரவேண்டிய பிரமுகருக்காகப் பன்னிரண்டு மணி வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலியில் வெந்தவர்தான். அப்போது உங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு கேமராவோடு முன்னால் ஓடியவனைத் திட்டியும் இருப்பீர்கள். அது நான்தான், மன்னியுங்கள்.

என் நிரந்தர வாடிக்கையாளர் ஓர் ஒன்றியச் சேர்மன். எந்த ஒன்றியம் என்று கேட்காதீர்கள், நானும் இந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும். கேமராவைத் தூக்கினால் அவர் முகத்தில் தானாகக் கருணை வந்துவிடும். இறக்கினால் போய்விடும். அவருடைய உதவியாளர் பன்னீர். யார் எங்கே நிற்பது, எதை யார் கையில் கொடுப்பது எல்லாம் பன்னீர் சொல்வதுதான்.

சத்துணவு ருசி

கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடம். சேர்மன் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சத்துணவு சாப்பிடுவதாக ஏற்பாடு. நான் முன்கூட்டியே போய் வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னீர் ஜீப்பிலிருந்து ஒரு டிபன் கேரியரை இறக்கினார். கள்ளக்குறிச்சி ஓட்டல் சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். சேர்மன் தட்டில் மட்டும் அது. பிள்ளைகள் தட்டில் வழக்கமானது. "தட்டு தெரியற மாதிரி எடுக்காதீங்க, மூஞ்சி தெரிஞ்சா போதும்" என்றார் என்னிடம். நானும் மூஞ்சியை எடுத்தேன்.

சேர்மன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். "என் வீட்டில்கூட இப்படி ருசி கிடையாது" என்று மைக்கில் சொன்னார். சமைத்த அம்மாவைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார். இந்த மனுஷர் வாய் கூசாமல் சொல்கிறாரே! அந்த அம்மா சால்வையை வாங்கி நாலாக மடித்து, மைக் பக்கத்திலேயே நின்றுகொண்டு பன்னீரிடம் நீட்டினார்:

"இத அந்த ஓட்டல்காரராண்ட குட்த்துடுங்க. நான் ஆக்குனத அய்யா இன்னும் தொடவே இல்லீங்களே."

கையை உயர்த்துங்கள்

அதே மலையில், வெள்ளிமலைக்கு இந்தப் பக்கம் ஓர் ஊர். மது ஒழிப்பு உறுதிமொழி. சேர்மன் தாளைப் பார்த்து வாசிக்க, ஊரே வலது கையை நீட்டித் திருப்பிச் சொன்னது. முன்வரிசையில் நின்ற ஒருவர் குரல் எல்லாரையும் முந்திக்கொண்டு வந்தது. முறுக்கு மீசை, கட்சிக் கரை வேட்டி. படத்துக்கு எடுப்பாக இருக்கிறாரே என்று அவரை நடுவில் வைத்து நாலு ஸ்நாப் எடுத்தேன். சேர்மனின் பங்காளி என்று பிறகு தெரிந்தது.

பையைக் கட்டும்போது, தண்ணீர் கொடுத்த ஒரு பெண்ணிடம், "அந்த மீசைக்காரர் என்னமா உணர்ச்சியாச் சொன்னார்!" என்று வியந்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மலையில் காய்ச்சும் சாராயமெல்லாம் கீழே இறங்குவது அந்த ஆளின் வண்டியில்தான் என்றாள். அவள் புருஷன் மூன்று மாதம் முன்னால் குடித்தே செத்துப்போயிருந்தான். "அப்புறம் எதுக்கும்மா எல்லாரும் கை நீட்னீங்க?" என்று முட்டாள்தனமாகக் கேட்டேன். அவள் சொன்னது:

"அவுரு ஒழிக்கிறேன்னு சொன்னது பொய் இல்லீங்க. எங்க வூட்டு ஆம்பளைங்கள ஒழிச்சிக்கினுதானே கீறாரு."

நாலு பேர், ஒரு வண்டி

சரியாக நடக்க முடியாதவர்கள் நாலு பேருக்கு, பின்னால் இரண்டு துணைச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் கொடுக்கும் விழா. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபம். மூன்று வண்டி வெளியே லாரியில். மேடையில் ஏற்றியது ஒன்று. அதன் முகப்பில் ஒட்டிய சேர்மன் பட ஸ்டிக்கர் நான் பிரிண்ட் போட்டது. அவசரத்தில் ஒட்டியதில் சேர்மன் கன்னத்தில் ஒரு காற்றுக்குமிழி நின்றுவிட்டது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

நாலு பேரையும் ஒவ்வொருவராக அந்த ஒரே வண்டியில் உட்காரவைத்தோம். சாவியைச் சேர்மன் ஒரு நுனி, வாங்குகிறவர் ஒரு நுனி பிடிக்க வேண்டும். அப்புறம் இறங்க வேண்டும், அடுத்தவர் ஏற வேண்டும். ஒவ்வொரு தடவையும் கோணத்தை மாற்றி, அது வேறு வண்டி மாதிரி காட்டுவது என் சாமர்த்தியம். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கடைசி ஆள் ஆரோக்கியமேரி. வடக்கனந்தல். முப்பத்தைந்து வயதிருக்கும், போலியோவில் ஒரு கால் சூம்பியது. தையல் தெரியும். கள்ளக்குறிச்சியில் ஒரு ரெடிமேட் துணிப் பட்டறையில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் நெரிசல் பஸ்ஸில் அவரால் படி ஏற முடியாது. வண்டி வந்தால்தான் வேலை. முகமெல்லாம் பயமாக உட்கார்ந்திருந்தார். "சிரிங்கம்மா, நல்லா சிரிங்க" என்றேன். சிரித்தார். எடுத்தேன். அவர்தான் கடைசி ஆள், ஆகவே மேடை வண்டி அவருடையது. ஆனால் பன்னீர் அவரை இறக்கிவிட்டார். "நம்பர் பிளேட் வேலை பாக்கி கீதும்மா, வண்டி நாளைக்கு வூட்டுக்கே வரும்" என்றார். ஆரோக்கியமேரி கைத்தடியை ஊன்றிக்கொண்டு இறங்கி என்னிடம் கேட்டார்:

"அண்ணா, நான் மெட்ராஸ்லகூட ஓட்டுவேன், வூடு வரைக்கும் ஓட்டிக்கினு போக மாட்டேனா?"

கோழிக்கடை வாசலில்

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேர்மன் மைத்துனரின் கோழிக்கடைக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு ஸ்கூட்டர். பின்னால் கோழிக்கூண்டு இரண்டு கட்டியிருந்தது. முகப்பில் சேர்மன் சிரித்துக்கொண்டிருந்தார், கன்னத்தில் காற்றுக்குமிழியோடு.

நான் வண்டியையே வெறித்துப் பார்ப்பதைக் கவனித்த மைத்துனர், வண்டி எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், கறியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கத்தியைத் துடைத்தபடி அவர் சொன்னது மட்டும் காதிலேயே நின்றது:

"பின்னால ரெண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வெச்சிருந்தானுங்க சார், ஒரே இடைஞ்சலு. கழட்டிக் கடாசிட்டேன், இப்ப வண்டி ஜம்முனு போவுது."

ஃபைலில் ஒரு சிரிப்பு

அடுத்த வாரம் என் ஸ்டுடியோ படியில் யாரோ கைத்தடி ஊன்றி ஏறும் சத்தம். ஆரோக்கியமேரி. மற்ற மூன்று பேருக்கும் வண்டி வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. இவருக்கு மட்டும் வரவில்லை. பன்னீரிடம் ஐந்து நடை நடந்திருக்கிறார். கடைசியில் சம்பந்தப்பட்ட ஆபீசுக்கே போய்க் கேட்டிருக்கிறார். அங்கே ஃபைலைத் திறந்து ஒரு போட்டோவைக் காட்டியிருக்கிறார்கள். வண்டியில் உட்கார்ந்து, சாவியைப் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிறார். "வாங்கினதுக்கு இதுதாம்மா அத்தாட்சி. வித்துட்டு மறுபடி கேக்க வந்தியா?" என்று விரட்டிவிட்டார்களாம்.

பட்டறைக்காரர் இந்த மாதக் கடைசி வரைதான் இடத்தை வைத்திருப்பாராம். நான் நாற்காலியைப் போட்டேன். அவர் உட்காரவில்லை. என் இத்தனை வருடத் தொழிலில் போட்டோ நன்றாக இல்லை என்று சண்டை போட்டவர்கள் உண்டு. நன்றாக வந்த போட்டோ ஒருவர் வாயில் மண்ணைப் போட்டது என்று கேள்விப்பட்டதில்லை. ஆரோக்கியமேரி கோபப்படவும் இல்லை, சந்தேகம் கேட்பது மாதிரி கேட்டார்:

"நான் சும்மாதானே குந்திக்கினு இருந்தேன்? நீங்கதானே அண்ணா சிரிக்கச் சொன்னீங்க?"

சேஃப்டி

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. முக்கியமான படத்தை எடுத்ததும் கேமராவை இறக்கமாட்டோம், உடனே இன்னொன்று தட்டிவிடுவோம். யாராவது கண்ணை மூடியிருந்தால் உதவும். அதற்குப் பெயர் சேஃப்டி ஸ்நாப். முதல் படம் நன்றாக வந்துவிட்டால் இரண்டாவதை அழிக்க வேண்டும். நான் சோம்பேறி, அழிப்பதில்லை.

ஹார்ட் டிஸ்க்கில் தேடினேன். இருந்தது. முதல் படத்துக்கு அடுத்த நொடி. ஆரோக்கியமேரியின் சிரிப்பு பாதியில் நிற்கிறது. பன்னீரின் ஒரு கை அவர் புஜத்தைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. இன்னொரு கை சாவியைத் தன் சட்டைப் பையில் போடுகிறது. சேர்மன் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், முகத்தில் அந்தக் கருணை இல்லை. இதை எடுத்தவன் நான். எடுத்த அன்றே பார்த்தவனும் நான்.

இரண்டையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரையைக் குத்தப் போனவன் கொஞ்சம் நின்றேன். குத்தினால் அத்தோடு மேடை போச்சு. வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஆரோக்கியமேரி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். குத்திவிட்டேன். கோழிக்கடை விஷயத்தையும் மனுவில் எழுதினோம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் இரண்டு பேரும் வரிசையில் நின்றோம். மனு வாங்கிய அதிகாரி அம்மா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பின்னால் திருப்பி முத்திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்:

"மொத போட்டோ அன்னைக்கே எங்க ஃபைலுக்கு வந்துடுச்சி. ரெண்டாவது வர்றதுக்கு ஏன்ங்க இத்தினி நாளு ஆச்சி?"

மறுபடியும் மேடை

பத்து நாளில் வண்டி கோழிக்கடையிலிருந்து கிளம்பியது. சேர்மன் தலைகுனிவார், பன்னீர் ஊரைவிட்டு ஓடுவார் என்றெல்லாம் நான் எதிர்பார்த்தேன். நீங்களும் எதிர்பார்த்திருப்பீர்கள். நாம் அப்படிப்பட்டவர்கள். நடந்தது என்ன தெரியுமா? மறுபடியும் விழா! அதே மண்டபம். "ஏழைச் சகோதரியின் கண்ணீர் துடைத்த கரங்கள்" என்று வாசலில் பேனர்.

என்னைக் கூப்பிடவில்லைதான், வேறு போட்டோகிராபர் வந்திருந்தார். ஆனால் அந்த அண்ணன் வந்தால்தான் மேடை ஏறுவேன் என்று ஆரோக்கியமேரி உட்கார்ந்துவிட்டார். பன்னீர் பல்லைக் கடித்துக்கொண்டு எனக்குப் போன் போட்டார். போனேன். அதே வண்டி. துணைச் சக்கரங்களை மாட்டி, கழுவி, காற்றுக்குமிழியின் மேலேயே புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். கால் வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோழி இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. சேர்மன் கருணையோடு சாவியின் ஒரு நுனியை நீட்டினார். ஆரோக்கியமேரி சாவியை முழுசாகப் பிடுங்கி வண்டியில் போட்டு ஸ்டார்ட் செய்துவிட்டார். சரிவுப் பலகை வழியாக வண்டி இறங்கியது. பன்னீர் "ஏம்மா, இன்னும் போட்டோ முடியல" என்று குறுக்கே வந்தார். ஆரோக்கியமேரி ஹாரனை அடித்துக்கொண்டே திரும்பி, பன்னீரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினார்:

"அண்ணா, கேமராவ எறக்காதீங்க! நான் வடக்கனந்தல் போயி வூட்டாண்ட வண்டிய நிறுத்தற வரைக்கும் எடுத்துக்கினே வாங்க!"

என் பைக்கில் பின்னாலேயே போய், வாசலில் அவர் வண்டியை நிறுத்துவது வரை எடுத்தேன். மேடையில் கொடுத்த ஒரு பொருள் வாங்கியவர் வீடு போய்ச் சேர்ந்ததற்கு என்னிடம் இருக்கும் ஒரே படம் அதுதான், சேர்மன் அதில் இல்லாததால் இன்றுவரை யாரும் காப்பி கேட்கவில்லை.