கழுத்துச் சுளுக்குக்கு என் கால்

எல்லாரும் தாய் வயிற்றிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு வருவார்கள். நான் காலை நீட்டிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து இன்றுவரை என் தலைக்குப் பெரிய வேலை எதுவும் வரவில்லை; காலுக்குத்தான் மரியாதை. காலால் பிறந்தவன் உதைத்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கிளியனூர் பக்கம் எங்கள் ஊரில் அந்தத் தகுதி எனக்கு மட்டும்தான் இருந்தது. இடுப்புப் பிடித்தவர்கள் வந்து குப்புறப் படுப்பார்கள். நான் லேசாக உதைப்பேன். பெரியவர்களை உதைத்துவிட்டு வாழைப்பழம் வாங்கித் தின்கிற உத்தியோகம் எட்டு வயதில் வேறு யாருக்குக் கிடைக்கும்?

எண்பதுகளில் ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற சமயம். அக்காவுக்குக் காலையிலிருந்து காய்ச்சல், மண்டையைப் பிளக்கிற தலைவலி. மதியத்துக்கு மேல் கழுத்தும் பிடித்துக்கொண்டது. முந்தின நாள் புல்லுக்கட்டு சுமந்த சுளுக்கு என்று முடிவுகட்டி அம்மா என்னைக் கூப்பிட்டாள். அக்காவை உதைக்க அம்மாவே அனுமதி கொடுத்தது அந்த ஒரு நாள்தான். ஆனால் என் கால் பட்டதும் அக்கா திட்டவில்லை, கிள்ளவில்லை. தாவணியால் கண்ணை மூடிக்கொண்டு முனகினாள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அப்போது திண்டிவனத்திலிருந்து அத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு அக்கா. அவளும் என்னிடம் வைத்தியம் பார்த்துக்கொள்பவள்தான். இடுப்பு வலிக்காக பஸ் ஏறி வந்திருந்தாள்.

"இன்னாடி, பட்டப்பகல்ல கதவ சாத்திக்கினு?"

"பாப்பாவுக்கு வெளிச்சம் பட்டா கண்ணு கூசுதாம் அண்ணி. கழுத்துல சுளுக்கு. இப்பதான் இவன வுட்டு ஒதைக்கச் சொன்னேன்."

அத்தை அக்காவைத் தொட்டுப் பார்த்தாள். "சுளுக்குக்கு ஒடம்பு ஏன் இப்டி கொதிக்குது? வாந்தி எடுத்தாளா?"

"ரெண்டு மூணு வாட்டி. பித்தம்னு சுக்குத்தண்ணி குடுத்தேன்."

அத்தை அக்காவின் தலைக்கு அடியில் கை கொடுத்து, தாடை நெஞ்சில் படும்படி மெல்லத் தூக்கினாள். கழுத்து வளையவில்லை, முதுகும் சேர்ந்து பலகைபோல எழுந்தது. கால் முட்டி தானாக மடங்கிக்கொண்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டதற்குக் கண்ணைத் திறந்து, யாரோ எவரோ என்பதுபோல எங்களைப் பார்த்துவிட்டு அக்கா மறுபடி உறங்கிப்போனாள்.

"டேய், உங்கால எடுத்துக்கினு அந்தாண்ட போ" என்ற அத்தை, அம்மாவிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்க தெருவுல ஒரு புள்ளைக்கு இதே மாரிதான். காலைல பாத்துக்கலாம்னு வுட்டாங்க. காலைல புள்ள இல்ல. ஜல்தி கெளம்பு."

"அவரு விழுப்புரம் போயிருக்காரு. வந்துடட்டும் அண்ணி."

"அவன் வர்றப்ப வரட்டும். மூளக்காய்ச்சலு அவனுக்காகக் காத்துக்கினு இருக்குமா?"

பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டே ரோட்டின் நடுவில் போய் நின்று, மல்லாட்டை மூட்டை ஏற்றி வந்த லாரி ஒன்றை மறித்தாள். என் உதவி இல்லாமலே அந்த இடுப்பு அவ்வளவு தூரம் நடந்ததை நான் கவனித்தேன்.

திண்டிவனத்தில் டாக்டர் உடனே ஊசி போட்டு, விழுப்புரத்துக்கு அனுப்பினார். அங்கே முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வில் கிருமி. ஒரு ராத்திரி வீட்டிலேயே வைத்திருந்தால் கஷ்டம்தான் என்றார்களாம்.

பல நாள் கழித்து அக்கா பாதி உடம்பாக வீடு திரும்பினாள். பிழைத்ததில் பாதி என் காலின் கைங்கரியம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். அவளிடமும் சொல்ல வேண்டாமா? அவளுக்கு இடப்பக்கம் படுத்துக்கொண்டு காதோடு காதாகச் சொன்னேன். பதில் இல்லை. இன்னும் நெருங்கிச் சொன்னேன். அவள் மோட்டுவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் கால் வைத்த கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காது காய்ச்சலோடு போய்விட்டது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மா வந்து என்னைத் தூக்கி அக்காவின் வலப்பக்கம் போட்டாள்.

"இப்ப சொல்லுடா" என்றாள்.

சொன்னேன். அக்கா சிரித்துவிட்டு என்னைக் கிள்ளினாள். அம்மா எதற்காக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே எழுந்து போனாள் என்று விளங்காமல், நான் வலித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.