கல்லில் இருந்த கடைசிச் சொல்

தங்கை ராணி யாழ்ப்பாணத்தில் இறந்த கிழமையே நான் வேலைக்குப் போய்விட்டேன். லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் காவல் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். அன்று கால் வலியைவிட லூயிஷாமில் இருக்கும் அண்ணைதான் என்னை அதிகம் களைக்க வைத்தார். நோர்பரியில் ரயில் ஏறும்போதே அழைத்துவிட்டார்.

“மரண அறிவித்தலிலை என்ர மருமகன்ர பேர் எங்கை? சம்பந்தி ஆக்கள் கேக்கினம். நான் என்ன சொல்லுறது?”

அன்னார் இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு சகோதரியும் என்று அதைப் பந்தி பந்தியாக எழுதியது நான்தான். ஒரு பெயர் விடுபட்டுவிட்டது. அதைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். அழ யாருக்கும் நேரம் இருக்கவில்லை, எனக்கும்தான்.

நான் நிற்கும் கூடத்தில் சிரியாவின் பல்மைரா என்ற பழைய நகரத்துக் கல்லறைச் சிற்பம் ஒன்று இருக்கிறது. இறந்துபோன ஒரு பெண், முக்காட்டை ஒரு கையால் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். வயதான தமிழ்த் தம்பதியர் அதன்முன் நின்றார்கள். கணவர் விளக்கப் பலகையை வாசித்தார்.

“இவவின்ர பேர், தகப்பன்ர பேர், பிறகு அவையின்ர பாஷையிலை ‘ஐயோ’ எண்டு வெட்டியிருக்காம். அவ்வளவுதான்.”

“வேற என்னத்தை எழுதுறது?” என்றார் மனைவி.

இடைவேளையில் அண்ணையை அழைத்தேன். மறுபடியும் மருமகனின் பெயரில்தான் தொடங்கினார்.

“அண்ணை, எங்கட ராணி செத்துப்போனாள் அண்ணை.”

“ஐயோ” என்றார் அண்ணை.

அறிவித்தலில் நான் விட்டது ஒரு பெயரை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.