அரளிப்பூ காட்டிய முகம்

எழுதலாமா வேண்டாமா என்று தயங்கியே பல வருஷம் போய்விட்டது. டெக்சாஸில் சுகர் லேண்டுக்கு நாங்கள் குடிவந்த புதிதில் நடந்தது இது. ஒரு ஆடி வெள்ளி சாயங்காலம், இந்தியன் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு வந்து பார்க்கிங்கில் கார் கதவைத் திறந்தேன். சட்டையோடு சேர்த்துத் தைத்த தொப்பியால் தலையை மூடியிருந்த ஒருவன் துப்பாக்கியைக் காட்டி, என் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு ஓடினான். நான் பார்த்ததெல்லாம் அந்தத் துப்பாக்கிதான்.

போலீசில் ஆறு போட்டோ காட்டினார்கள். எல்லாரும் கறுப்பின இளைஞர்கள். இரண்டு பேர் மேல் சந்தேகம் வந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். எங்கள் ஊரில் பெண் பார்ப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் சாமியிடம் பூப்போட்டுக் கேட்போம். வீட்டு வேலியோரத்து அரளிகளில் வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று பறித்தேன். வெள்ளை முதல் ஆளுக்கு, சிவப்பு மற்றவனுக்கு. தனித்தனியாகப் பொட்டலம் கட்டி முருகன் படத்துக்கு முன்னால் போட்டேன்.

"போலீஸ் கேஸுக்குப் பூப்போடறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

"போலீசுக்குத் தெரியாதது முருகனுக்குத் தெரியுமுங்க" என்றேன்.

கண்ணை மூடி எடுத்தேன். சிவப்பு.

மறுநாள் அவனைக் காட்டினேன். கோர்ட்டில் "நிச்சயமாக இவன்தானா?" என்று கேட்டபோது, தயங்கினால் சாமியையே சந்தேகப்பட்டதாகிவிடும் என்று "நிச்சயம்" என்றேன். பூவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவனுக்குச் சிறை. பின்வரிசையில் அவன் அம்மா பைபிளை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தார்.

அவன் அப்பீல் போனான். ஆளை அடையாளம் காட்டியது நம்பத்தக்கதல்ல என்பது ஒன்று. தீர்ப்புச் சொல்லும் ஜூரிக்கு ஆள் எடுத்தபோது கறுப்பினத்தவரையெல்லாம் அரசுத் தரப்பில் தகுந்த காரணமில்லாமல் கழித்துவிட்டார்கள் என்பது இன்னொன்று. முதலாவதை மேல்கோர்ட் ஒப்புக்கொள்ளவில்லை. நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருந்தேனாம். ஜூரி விஷயத்துக்காகத்தான் மறுவிசாரணை கிடைத்தது.

மறுபடி சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது மகள் கேட்டாள், "அம்மா, டிட் யூ சீ ஹிம்?"

"பூ வந்துச்சு கண்ணு."

"பட் டிட் யூ சீ ஹிம்?"

அரசு வக்கீலிடம் போய், பூப்போட்டது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். கேஸைக் கைவிட்டார்கள். அதற்குள் அவன் இளமையில் பாதி உள்ளேயே போயிருந்தது. கோர்ட் வராந்தாவில் அவன் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

திருடியது அவன்தானா என்று இன்றும் எனக்குத் தெரியாது. முருகன் மேல் குறையில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல, அந்த முருகனையும் சாட்சிக்கூண்டில் ஏற்றியது நான்தான். இதை யாரிடமாவது சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். கடைசியில் உண்மையைச் சொன்னாள் என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்தப் பூவை விட்டுவிடாதீர்கள்.